தரம் மூன்று, வலதுகரை

குழுவுக்கு நான் வைத்த பெயர் அது.
முகப்பில் குளம் வான்பாயும் படம்.
இருபத்துமூன்று பிள்ளைகள், பதினாறு போன்கள்.
ஒன்றின் கண்ணாடி நடுவால் பிளந்தது,
நான் ஓர் 'அ' அனுப்பினால்
அந்த வீட்டில் இரண்டு பாதியாய்த் தெரியுமாம்.

விடிய ரோசாப்பூ வணக்கம் வரும்.
அம்மன் கோயில் பொங்கலுக்குத் தலைக்கு எவ்வளவு என்று வரும்.
யானை இறங்கிவிட்டது,
பிள்ளைகளை வாய்க்கால் பக்கத்தால் அனுப்பாதீங்கோ என்று வரும்.
அதற்குக் கீழே என்னுடைய ஏழாம் வாய்பாடு.

ஒருநாள் 'காணவில்லை' என்று ஒரு படம்.
கட்டைவிரல் நின்றுவிட்டது.
டேட்டா குறைவு. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
மாடு.
சிவலை, ஒரு கொம்பு முறிந்தது.
இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்குக் கீழே
மாடு நின்றால் மூச்சு திரும்பும்.
'இது படிப்புக்கான குழு' என்று எழுதியிருந்தேன்.
அனுப்பவில்லை.

செவ்வாய் இரவு வாசிப்பு.
ஆமை சந்தைக்குப் போன கதை, பக்கம் முப்பத்தொன்று,
வாசித்துக் குரலில் அனுப்புங்கோ.
யதுர்சிகாவின் குரலுக்கு ஒரு சொல் முன்னால்
தாயின் கிசுகிசுப்பு நடந்துபோகும்.
தட்சகனுக்குப் பின்னால் தண்ணிப் பம்பு.
ஆமை புறப்பட்டது என்றான், பம்பு நின்றது,
"ரீச்சர், டீசல் முடிஞ்சுது" என்றான்.
மிச்சக் கதை இன்னும் வரவில்லை.

கிருசிகன் வகுப்பில் எழும்பி நிற்பான்.
உதடு விரியும், சத்தம் வராது.
மனதுக்குள் மூன்று வரை எண்ணுவேன்.
பிறகு "இரு ராசா", அடுத்த பிள்ளை.
தை மாதத்திலிருந்து
எங்கள் இருவருக்கும் இதுதான் பாடம்.

அவன் வீட்டுப் போன்
தாயோடு ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்
எட்டரை பஸ்ஸில் திரும்பும்.
ஒன்பது பதினேழுக்கு ஒரு குரல்.
நான் தொடமுன் போய்விட்டது.
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.
ஒன்பது பத்தொன்பது. நீக்கப்பட்டது.
ஒன்பது இருபது. நீக்கப்பட்டது.
சாம்பல் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் இறங்கின.

கொப்பியில் என்றால்
அழிறப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழும்.
அவனுடைய ஓட்டைகளைக் கண்டு ஏசியிருக்கிறேன்,
ஊத்தைக் கொப்பி என்று சிவப்பில் எழுதியுமிருக்கிறேன்.

பதினொன்று.
யாரோ ஒரு தகப்பன் சிரிக்கும் முகம் அனுப்பினார்.
பிறகு அவரே அதை எடுத்துவிட்டார்,
அதுவும் ஒரு சாம்பல் வரி.

பன்னிரண்டாவது தங்கியது.
ஒரு நிமிடம் நாற்பது செக்கன்.
போனைக் காதோடு வைத்தேன்.
தங்கச்சி நித்திரை போல, மெல்லத்தான் வாசித்தான்.
'சந்தை'யில் இடறினான், பின்னுக்கு வந்தான்,
'சந்தை' என்றான்.
ஆமை போய்ச் சேர்ந்தது.
கடைசியில் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை,
ஒரு பல்லி,
பிறகு விரல் எடுபட்ட சத்தம்.

வலயத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
இணையவழிக் கற்றல், சான்றுக்கு ஸ்கிறீன்சொட்.
பதிலளித்தோர் எத்தனை, அளிக்காதோர் எத்தனை.
கிருசிகன், ஒன்று.
அழித்த பதினொன்றுக்குக் கட்டம் இல்லை.
குரலைப் படம் பிடித்தால்
ஒரு புள்ளியும் குட்டிக் குட்டிக் கோடுகளும்,
யார் குரலும் அப்படித்தான் இருக்கும்.
"காணும் ரீச்சர், ஒப்பம் வையுங்கோ" என்றார் அதிபர்.
வைத்தேன்.

புதன்கிழமை எழும்பி நின்றான்.
போனை எடுத்து வகுப்புக்கே போட்டுக் காட்டலாமென்று
என் கை பைக்குள் போனது உண்மை.
அவன் அந்தக் கையையே பார்த்தான்.
சோக்குத் துண்டோடு வெளியே எடுத்தேன்.

உதடு விரிந்தது.
மூன்று. நான்கு. ஐந்து.
பின்வாங்கில் ஒரு கிளுக்கென்ற சிரிப்பு.
ஆறு.
ஏழில் அவன் வாயில் 'ஆ' மாதிரி ஒன்று,
காற்றாகவும் இருக்கலாம்.
ஒன்பதில் இடைவேளை மணி.

நாளைக்குப் பத்திலிருந்து எண்ணலாம்.